மேடு பள்ளமே இல்லாத 12 கிலோமீட்டர்: கென்னட் - ஏவன் கால்வாய்க் கரை

எனக்கு இடது மூட்டு தேய்ந்து நாலு வருஷம் ஆகிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருக்கும் மகள் போன மே மாதம், "அப்பா, சனிக்கிழமை ஒரு நடை போயிட்டு வரலாம், ஏற்றமே கிடையாது" என்றபோது நான் நம்பவில்லை. முன்பு ஒருமுறை இப்படிச் சொல்லித்தான் ஒரு குன்றின் உச்சிக்கே ஏற்றிவிட்டாள். ஆனால் இந்த முறை அவள் சொன்னது உண்மை. ஒரே ஓர் இடம் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் வாய்க்கால் கரையிலேயே கிடந்தவன் நான். அதனால் இந்த விமர்சனத்தில் மதகுப் பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

பிரிஸ்டலிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், பிராட்ஃபர்டு-ஆன்-ஏவனில் இறங்கினோம். 14ஆம் நூற்றாண்டுத் தானியக் கொட்டாரம் ஒன்றைத் தாண்டினால் கால்வாய். அங்கிருந்து மேற்கே ஏவன்கிளிஃப், அதற்கப்புறம் டண்டஸ், திரும்பவும் ஏவன்கிளிஃப் வந்து ரயில். எல்லாம் சேர்த்து சுமார் 12 கிலோமீட்டர். டிக்கெட் இல்லை, கேட் இல்லை. அந்தக் காலத்தில் குதிரை கயிறு கட்டிப் படகை இழுத்துப்போன தடம்தான் பாதை. டோபாத் என்கிறார்கள். குதிரைக்கு மூச்சு வாங்காத பாதை மனுஷனுக்கும் வாங்காது.

கிளம்பும் முன் பிராட்ஃபர்டு லாக்கில் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். லாக் என்பது, படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், இரு முனையிலும் கதவு வைத்த தொட்டி. நாயோடு தனியாக வந்த ஒரு அம்மாள், அறுபதடிப் படகைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். நம் ஊரில் மதகு ஷட்டரைத் தொட லஸ்கர் என்ற மதகுப் பணியாளர் வர வேண்டும். இங்கே சாவி மாதிரி ஒரு இரும்புக் கைப்பிடியைப் படகுக்காரரே இடுப்பில் செருகி வைத்திருக்கிறார். அதைப் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினால் கதவின் அடியில் சின்னத் திறப்பு திறக்கிறது, தொட்டியிலிருந்து தண்ணீர் வடிகிறது, படகு சத்தமில்லாமல் இறங்குகிறது. இரண்டு பக்கமும் மட்டம் சமமாகும்வரை கதவு அசையவே அசையாது. "இந்தப் பக்கக் கதவை நான் தள்ளட்டுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நீண்ட மரக்கட்டையில் முதுகைச் சாய்த்துக் காலை ஊன்றினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. சட்டென்று ஒரு நொடியில் கட்டை இளகி, வண்டி மாடு நகர்வதுபோல் தானாக நகர ஆரம்பித்தது. மகள் போட்டோ எடுத்து வீட்டு குரூப்பில் போட்டாள். "ரிட்டயர் ஆகியும் வேலையா?" என்று என் மனைவி அங்கிருந்தே கேட்டாள்.

அந்த லாக்கைத் தாண்டினால் பாத் நகரம் வரை சுமார் 9 மைலுக்கு வேறு லாக்கே இல்லை. பாதை சமமாக இருப்பதன் ரகசியம் இதுதான். ஜான் ரென்னி என்ற பொறியாளர், பள்ளத்தாக்கின் சரிவில் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு கால்வாயை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார். 1810இல் முழுக் கால்வாயும் திறந்தது: 87 மைல். பாசனம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது, படகு போவதற்கு மட்டும். எனக்கு அது மனசுக்கு ஒட்டவே இல்லை. இவ்வளவு தண்ணீர், ஒரு குழி நிலம் நனையவில்லை.

ஏவன்கிளிஃபில் கால்வாய் ஒரு தொட்டிப்பாலத்தில் ஏறி ஆற்றையும் ரயில் பாதையையும் கடக்கிறது. மூன்று வளைவுகள், நடு வளைவு தொய்ந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. கட்டிய கொஞ்ச காலத்திலேயே தொய்ந்துவிட்டதாம். பொரிந்துபோன கல்லுக்கு நடுவே செங்கல் ஒட்டு வேறு. ஒழுங்காக மூடி மறைக்காமல் அப்படியே விட்டிருப்பது எனக்குப் பிடித்தது. நான் சொன்ன அந்த ஒரே இடமும் இங்கேதான்: பாதை கரை மாறுகிறது. பாலத்துக்கு அடியில் இறங்கி மறுபக்கம் ஏற வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் கைத்தடி வைத்திருங்கள்.

அதற்கப்புறம் வரும் காட்டுப் பகுதிதான் மொத்த நடையிலும் உச்சம். மே மாதத்தில் சரிவு முழுக்கக் காட்டுப் பூண்டு வெள்ளையாகப் பூத்திருந்தது. ரசத்துக்குப் பூண்டு தட்டிய அடுப்படி மாதிரி வாசனை. மகள் ஒரு இலையைக் கசக்கிக் கொடுத்தாள். கையில் மத்தியானம் வரை போகவில்லை. இந்தப் பகுதியில் கால்வாய் கசிந்து கசிந்து, 1950களில் மூடப்பட்டு, பல வருஷம் வறண்டே கிடந்ததாம். பிறகு கான்கிரீட் போட்டு மீட்டிருக்கிறார்கள். 1990இல் எலிசபெத் ராணி வந்து முழுக் கால்வாயையும் மறுபடி திறந்துவைத்தார்.

கரையோரம் நெடுக ஏழடி அகலப் படகுகள். கூரைமேல் விறகு, சைக்கிள், சோலார் தகடு, ஒன்றில் தக்காளிச் செடி. பலர் அதிலேயே குடியிருக்கிறார்கள். படகை நிறுத்தச் சொந்தமாக இடம் இல்லாதவர்கள் 14 நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்பது விதி.

குறைகள் உண்டு. சைக்கிள்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்த பிறகுதான் மணி அடிக்கிறார்கள், ஒருவர் அதுவும் அடிக்கவில்லை. வழியில் ஒரு கடையில் மூன்று பவுண்டு கொடுத்து வாங்கிய டீ, சுடுதண்ணீரில் மிதந்த ஒரு பை. கழிப்பறை அபூர்வம், கிளம்பும் ஊரிலேயே முடித்துக்கொள்வது உத்தமம். சாப்பாட்டுக்கு நாங்கள் கொண்டுபோன புளியோதரையை டண்டஸ் தொட்டிப்பாலத்து ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டோம். இதுவும் ரென்னி கட்டியதுதான், ஏவன்கிளிஃபைவிட மிடுக்கு. அதைத் தாண்டி கிளாவர்டனில், ஆற்றின் வேகத்தையே கொண்டு தண்ணீரை 48 அடி மேலே கால்வாய்க்கு ஏற்ற 1813இல் வைத்த நீர்ச்சக்கர நிலையம் இருக்கிறது. மூட்டு "போதும்" என்றது. இன்னொரு நாள் அதற்கென்றே வருவேன்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கலாம். அரை மதிப்பெண் டீக்காகக் குறைத்தது.

ஏவன்கிளிஃப் ஸ்டேஷனில் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். கைகாட்டினால்தான் ரயில் நிற்கும். பிளாட்பாரமும் குட்டையானது, எல்லாப் பெட்டிக்கும் எட்டாது. தூரத்தில் ரயில் தெரிந்ததும் மகள் கை நீட்டினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, மினி பஸ்ஸை நிறுத்துவதுபோல் துண்டையும் சேர்த்து ஆட்டினேன். நின்றது.