விளிம்பில் கைவைக்காத கடை: தாராவியில் பதக்கப் பெட்டி

தாராவி 90 அடி சாலைப் பக்கம் சாமிப் படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் சட்டம் போடும் தமிழ்க் கடை ஒன்று, படையினரின் பதக்கங்களையும் ஆழமான கண்ணாடிப் பெட்டியில் பதித்துத் தருகிறது. முருகனுக்கும் மகாலட்சுமிக்கும் நடுவில் கடற்படை நங்கூரம் தொங்குவதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். வேலை சுத்தம். ஆனால் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தச் சுத்தம் கிடைக்கும்.

முதலில் விளிம்பு. நம் படைப் பதக்கங்களின் ஓரத்தில் பெரும்பாலும் பெறுபவரின் எண், பதவி, பெயர் பொறித்திருக்கும். மாலுமியாகச் சேர்ந்து, விமானப் பிரிவில் பழுது பார்த்து, பிறகு அதிகாரியானவரின் பதக்கங்களில் அதிகம் பேசுவது இந்த ஓரம்தான். 9 ஆண்டு சேவைப் பதக்கத்தில் மாலுமி எண், 20 ஆண்டுப் பதக்கத்தில் அதிகாரி எண் என்று ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பல கடைகளில் பதக்கம் கைக்கு வந்ததும் பஃபிங் எனும் மெருகேற்றும் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கிவிடுகிறார்கள். எழுத்து ஆழமில்லாதது, இரண்டு மூன்று முறை சக்கரம் பட்டால் எண் மங்கிவிடும். பிராசோ என்ற உலோக பாலிஷ் போட்டுத் தேய்த்தால் வெள்ளைப் பொடி எழுத்துக்குள் போய் உறைந்துகொள்ளும், ரிப்பனிலும் கறை ஏறும்.

இந்தக் கடையில் சக்கரமே கிடையாது. ரிப்பனைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுச் சோப்பு, மெல்லிய பிரஷ், பருத்தித் துணி, நன்றாக உலர்த்தல். அவ்வளவுதான். பதக்கம் புதுசு போல மின்னவில்லை என்று குறைப்படுபவர்கள் வேறு கடைக்குப் போகலாம்.

அடுத்தது வரிசை. இதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடக் கூடாது. மூத்த பதக்கம், அதாவது மதிப்பு வரிசையில் உயர்ந்தது, அணிபவரின் வலப்பக்கம், அதாவது நெஞ்சின் நடுவை ஒட்டி வரும். பெட்டிக்கு முன்னால் நிற்கும் நமக்கு அது இடப்பக்கம். பலகையைப் பின்பக்கம் திருப்பிப் போட்டு ஊசி குத்துகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மொத்த வரிசையும் கண்ணாடி பிம்பமாக மாறி, 9 ஆண்டுப் பதக்கம் தலைமை தாங்கி நிற்கும். வீரத்துக்கோ சிறந்த பணிக்கோ கடற்படையினருக்குத் தரும் நௌசேனா பதக்கம் இருந்தால் அது முன்னால். பிறகு போர் நடவடிக்கைகளுக்கான ஆபரேஷன் பதக்கங்கள், கடினமான பகுதிகளில் பணியாற்றியதற்கான சைன்ய சேவா, வெளிநாட்டுப் பணிக்கான விதேஷ் சேவா. அதன்பின் நீண்ட சேவை நன்னடத்தைப் பதக்கம். பிறகு 75ஆவது, 50ஆவது சுதந்திர ஆண்டுப் பதக்கங்கள். கடைசியில் சேவை ஆண்டுப் பதக்கங்கள், 30, 20, 9 என்று இறங்குமுகமாக. நன்னடத்தைப் பதக்கம் அதிகாரிகளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. அதிகாரி ஒருவரின் வரிசையில் அது இருந்தால் அவர் அடிமட்டத்திலிருந்து வந்தவர். அதைப் போய் ஓரத்தில் மறைத்து வைக்கச் சொல்லும் குடும்பங்களும் உண்டு, செய்யாதீர்கள். 50, 75 இரண்டுமே இருந்தால் 1997 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் சீருடையில் இருந்தவர். குறைந்தது 25 ஆண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அளவுக் கணக்கு எளிது. அகலத்தில் ரிப்பன் 32 மி.மீ., பதக்கம் 36 மி.மீ. வரை. ஐந்து பதக்கம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அதற்கு மேல் போனால் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், மூத்தது முழுதாகத் தெரிய வேண்டும். பெட்டியின் உள் ஆழம் 40 மி.மீ.க்குக் குறையாமல் கேளுங்கள். கடையின் வழக்கமான ஆழத்தில் தோள்பட்டைச் சின்னம் கண்ணாடியில் முட்டுகிறது.

இங்கே ஒரு குறை. பின்னணிக்குக் கேட்காமலே கருநீலக் கம்பளித் துணி ஒட்டுகிறார்கள். கண்ணுக்கு அழகு, பதக்கத்துக்கு விஷம். கம்பளியில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும், ஜரிகையையும் விடாது. பருத்தித் துணியும் அமிலமில்லாத அட்டையும் வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். விமானிச் சிறகுச் சின்னமும் மாலுமிக் கால நங்கூரத் துணிச் சின்னமும் ஒட்டப்படக் கூடாது. நாலு மூலையில் நூல் தையல் போதும். பசை வைத்தால் மறுபடி எடுக்க முடியாது. அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் டியூ-142 கண்காணிப்பு விமானத்தில் வேலை பார்த்தவர்களின் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) சின்னத்துக்கு இது ரொம்ப முக்கியம். அந்த விமானம் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றுவிட்டது. சின்னம் கிழிந்தால் மாற்று தேடி அலைய வேண்டும்.

மும்பை மழை இன்னொரு எதிரி. பெட்டியை வெளிச்சுவரில் மாட்டினால் ஆகஸ்டுக்குள் ரிப்பனில் பூஞ்சை வரும். உள்சுவரில், நான்கு மூலையிலும் ரப்பர் இல்லாத சிறு கட்டைகள் வைத்து, சுவருக்கும் பெட்டிக்கும் இடைவெளி விட்டு மாட்டுங்கள். ரப்பரிலும் கந்தகம் உண்டு. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துக்குத் தனி அறை கேட்டால் செய்து தருகிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலத்தை மாற்ற வேண்டும்.

இந்தக் கடையைப் பரிந்துரைக்க முதல் காரணம் விளிம்பு என்றால், இரண்டாவது காரணம் திறக்கும் முதுகு. ஆணி அடிக்காமல் திருகுத் தாழ்கள் போடுகிறார்கள். பதக்கங்களை வரிசையாகத் தைத்து நெஞ்சில் குத்தும் கம்பி இரண்டு கொக்கிகளில் உட்காரும். டிசம்பர் 4 கடற்படை நாளுக்குக் கம்பியோடு எடுத்துக் குத்திக்கொண்டு போய், திரும்பி வந்து மாட்டிவிடலாம். அணியும் கம்பியில் பதக்கம் தைக்கும் வேலை மட்டும் இவர்களிடம் கிடையாது. அதை முதலில் கொலாபாவில் ராணுவத் தையல்காரரிடம் முடித்துக்கொண்டு வர வேண்டும்.

பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை விடுவது இவர்களின் தீராத வியாதி. 'லெப்டினன்ட் கமாண்டர்' என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்து, வெட்டும் முன் படம் வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு பதக்கத்தின் ஓரத்தையும் படம் எடுத்து, எண்களை ரசீதின் பின்னால் குறித்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது கண்ணாடி மூடும் முன்னால் அதே எண்களைச் சரிபாருங்கள். பொறிப்பு இருந்த பதக்கத்தின் ஓரம் வெறுமையாகத் திரும்பி வந்தால் அது நகலாக இருக்கலாம்.