சிகாகோ புறநகரில் ஒரு பழைய ஆர்கேட்: சில ஆண்டுகளின் அனுபவம்

சிகாகோவின் மேற்குப் புறநகரில், ஒரு சலவைக் கடைக்கும் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவே இயங்கும் சிறிய ஆர்கேட் (விளையாட்டு எந்திரக் கூடம்) ஒன்றுக்குச் சில ஆண்டுகளாகக் குடும்பத்தோடு போய்வருகிறேன். உள்ளே ஏறத்தாழ நாற்பது எந்திரங்கள் இருக்கும். பாதிக்குச் சற்று அதிகமானவை பின்பால், அதாவது சாய்ந்த பலகையில் உருளும் எஃகுப் பந்தைக் கீழே விழாமல் அடித்து அடித்துப் புள்ளி சேர்க்கும் எந்திரங்கள். மற்றவை 1970-களின் இறுதியிலிருந்து 90-கள் வரையிலான வீடியோ கேம் பெட்டிகள். எதிலும் காசு போட வேண்டியதில்லை. வாசலில் ஒரு முறை கட்டணம் செலுத்தினால் கையில் காகிதப் பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார்கள். கடை மூடும்வரை விருப்பம்போல ஆடலாம், இடையில் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டும் வரலாம். இத்தகைய இடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை எந்திரங்கள் உள்ளன, அவற்றின் பெயர்கள் என்ன என்று பட்டியலிடுகிறார்கள். தொடர்ந்து போகிறவனுக்கு அந்த எண்ணிக்கை விரைவிலேயே பொருளற்றுப் போய்விடுகிறது. அவற்றில் எத்தனை ஒழுங்காக ஓடுகின்றன என்பதுதான் கேள்வி.

பின்பால் எந்திரங்களுக்குச் சிகாகோ சொந்த ஊர். காட்லீப், பாலி, வில்லியம்ஸ் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் இங்கே தொழிற்சாலை நடத்தின. இன்று இத்துறையில் முன்னணியில் இருக்கும் ஸ்டெர்ன் நிறுவனமும் அருகிலுள்ள எல்க் குரோவ் வில்லேஜில்தான் இயங்குகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கேயே செய்யப்பட்ட பொருளை நகருக்குள் ஆட 1970-கள் வரை தடை இருந்தது. நியூயார்க்கிலும் 1942 முதல் 1976 வரை இதே நிலைதான். 1947-இல் காட்லீப் தனது 'ஹம்ப்டி டம்ப்டி' எந்திரத்தில், பொத்தானை அழுத்தினால் பந்தை அடிக்கும் சிறு மட்டைகளான ஃபிளிப்பர்களைப் பொருத்தும்வரை, பந்தை ஏவிவிட்டபின் எந்திரத்தை அசைப்பதைத் தவிர ஆடுபவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே அது சூதாட்டம் என்றே அதிகாரிகள் கருதினார்கள். ஃபிளிப்பர் வந்தபின்னும் அந்த எண்ணம் மாறச் சுமார் முப்பது ஆண்டுகள் பிடித்தன. இந்த வரலாற்றால் எங்களுக்குக் கிடைத்த நன்மை ஒன்று உண்டு: இந்த ஆர்கேட்டின் எந்திரங்களைப் பராமரிக்கும் முதியவர் இளமையில் அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர்.

நம்மில் பலருக்குப் பின்பால் அறிமுகமானது விண்டோஸ் எக்ஸ்பி கணினியோடு வந்த 'ஸ்பேஸ் கேடெட்' வழியாகத்தான். அந்த நினைவோடு போகிறவர்கள் உண்மையான எந்திரத்தின் முன் முதலில் திணறுவார்கள். பந்து எண்பது கிராம் எடையுள்ள எஃகு. பலகை ஏறக்குறைய ஆறரை டிகிரி சாய்வில் நிற்கிறது. பந்து ஓரப் பாதையில் இறங்கப்போகும்போது இரு உள்ளங்கைகளாலும் எந்திரத்தையே சற்றுத் தள்ளி அதைக் காப்பாற்ற வேண்டும். கணினியிலும் தள்ளுவதற்கு விசைகள் இருந்தன. ஆனால் எவ்வளவு தள்ளலாம் என்பதைத் தோளும் மணிக்கட்டும் கற்றுக்கொள்வது வேறு. பெட்டிக்குள் கொத்தனாரின் தூக்குக்குண்டைப் போல ஓர் உலோகக் குண்டு ஒரு வளையத்தின் நடுவே தொங்குகிறது. அளவு மீறித் தள்ளினால் அது வளையத்தைத் தொட்டுவிடும். உடனே 'டில்ட்' விளக்கு எரியும், ஃபிளிப்பர்கள் செயலற்றுவிடும், அந்தப் பந்தும் அதோடு சேர்த்துவைத்த போனஸும் போய்விடும். எந்த எந்திரம் எவ்வளவு பொறுக்கும் என்பது பலமுறை ஆடியவருக்கே தெரியும். இங்குள்ள எந்திரங்களில் டில்ட் சற்றுக் கடுமையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. எந்திரங்களின் வயதைப் பார்க்கும்போது இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

நான் மிகுதியாக ஆடியது 'தி ஆடம்ஸ் ஃபேமிலி'. பேட் லாலர் முதன்மை வடிவமைப்பாளராக இருந்து 1992-இல் பாலி பெயரில் வெளிவந்த இந்த எந்திரம் 20,270 விற்றது. அந்தக் காலத்து எந்திரங்களில் இதை விஞ்சியது வேறில்லை. ஒரு மூலையில் உள்ள பெட்டியிலிருந்து சிறிய கை ஒன்று வெளிவந்து காந்தத்தால் பந்தைப் பற்றித் தூக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். பலகைக்கு அடியிலும் காந்தங்கள் உண்டு. சில கட்டங்களில் அவை உயிர்பெற்று, நேராக வரும் பந்தைச் சட்டென்று வளைத்துவிடும். இத்தனை வித்தைகளும் இருந்தாலும் ஆட்டம் நிற்பது ஃபிளிப்பரின் வலுவில்தான். பொத்தானை அழுத்தியதும் காயில் எனப்படும் கம்பிச்சுருளில் முழு மின்சாரம் பாய்ந்து இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். ஃபிளிப்பர் உச்சிக்குப் போனதும் ஒரு சிறு சுவிட்ச், அதைத் தாங்கி நிறுத்தும் அளவுக்கு மின்சாரத்தைக் குறைக்கும். அந்தச் சுவிட்ச் பிசகினாலோ, தண்டு ஓடும் நைலான் உறை தேய்ந்தாலோ, பந்து ரேம்ப் எனப்படும் ஏற்றப் பாதையில் பாதிவரை ஏறித் திரும்பிவிடும். இதை ஆடுபவர் தன் திறமைக் குறைவு என்று எண்ணிக்கொண்டே வீடு திரும்புவார் என்பதுதான் கொடுமை. இதே புறநகரில் மதுக்கூடத்தோடு சேர்ந்து நடக்கும் இன்னோர் இடத்தில், இங்குள்ளதைவிட இருமடங்கு எந்திரங்கள் இருந்தும், பாதிக்கு மேற்பட்டவற்றில் ரேம்ப் ஏறுவதே அரிது. கண்ணாடிக்கு அடியில் கரித்தூள் படிந்து பந்து மங்கிப்போயிருக்கும். நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். இங்கே பழுதான எந்திரத்தை அணைத்து, என்ன கோளாறு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவைக்கிறார்கள்.

ஆனாலும் இயற்பியலை யாரும் வெல்ல முடியாது. நாள் முழுவதும் ஓடும் எந்திரத்தில் காயில் சூடேறி மின்தடை கூடுவதால், சனிக்கிழமை மாலையில் ஃபிளிப்பர்கள் சோர்ந்துவிடுகின்றன. தீவிரமாக ஆட விரும்புகிறவர்கள் கடை திறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் போய்விடுவது நல்லது.

வீடியோ கேம் பகுதியிலும் பராமரிப்பின் அருமை சின்ன விஷயங்களில் தெரிகிறது. 1980-இல் நாம்கோ வெளியிட்ட 'பேக்-மேன்' நான்கு திசைகளில் மட்டும் அசையும் ஜாய்ஸ்டிக்கை வைத்து உருவாக்கப்பட்டது. பல இடங்களில் அது பழுதானபின் எளிதில் கிடைக்கும் எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கைப் பொருத்திவிடுகிறார்கள். திருப்பத்தில் கை சற்று மூலைவாட்டில் போனால் போதும், பேக்-மேன் தடுமாறி நின்றுவிடும். அந்த ஆட்டத்தில் பேக்-மேனைத் துரத்தும் பேய்கள் ஏனோதானோ என்று அலைவதில்லை. சிவப்புப் பேய் நேராகத் துரத்துகிறது. இளஞ்சிவப்புப் பேய் நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறிவைக்கிறது. ஆரஞ்சுப் பேய் மிக நெருங்கியதும் விலகித் தன் மூலையை நோக்கித் திரும்புகிறது. இந்த ஒழுங்கைப் புரிந்துகொண்டு வழியை மனப்பாடம் செய்து ஆடுகிறவருக்கு ஒரு திருப்பத்தில் ஏற்படும் சிறு தாமதமே ஆட்டத்தைக் கெடுத்துவிடும். இங்கே நான்கு திசை ஜாய்ஸ்டிக்தான் இருக்கிறது. என் மகள் இப்போது என்னைவிட நெடுநேரம் தாக்குப்பிடிக்கிறாள்.

1979-ஆம் ஆண்டின் 'ஆஸ்டிராய்ட்ஸ்' பெட்டி அதன் பழைய வெக்டர் திரையோடு ஓடுகிறது. எலெக்ட்ரான் கற்றை திரையில் நேரடியாகக் கோடுகளை வரைவதால், சுடும் குண்டு ஒவ்வொன்றும் கண்ணைக் குத்தும் வெண்புள்ளியாக எரியும். எல்சிடி திரையில் இதே ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அந்த ஒளிர்வை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அதில் ஜாய்ஸ்டிக் கிடையாது, ஐந்து பொத்தான்கள் மட்டுமே. பழகும்வரை எரிச்சலாகத்தான் இருக்கும்.

ஒரே கட்டணத்தில் எல்லையின்றி ஆடலாம் என்ற ஏற்பாட்டைப் பற்றி என் கருத்து இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பின்பாலுக்கு அது பெருவரம். மூன்று பந்துகள் முடிந்தால் ஆட்டம் முடிந்தது, காசால் அதை நீட்டிக்க முடியாது. ஆகவே காசு இல்லாததால் அதன் கடுமை குறைவதில்லை, கற்றுக்கொள்ளும் செலவு மட்டுமே குறைகிறது. 'பேக்-மேன்', 'கேலகா' போன்றவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் 1989-இல் கொனாமி வெளியிட்ட 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்டில்ஸ்' போன்ற ஆட்டங்கள், சாகும்தோறும் இன்னொரு காசைப் போட வைப்பதற்காகவே கட்டப்பட்டவை. காசு தேவைப்படாதபோது பிள்ளைகள் தற்காத்துக்கொள்ளவே முயல்வதில்லை. பொத்தானை அழுத்தி அழுத்தி மறுபடி எழுந்து, இறுதிக்காட்சியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அதன்பின் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மேலும், எதுவும் செலவாகாததால் பலர் பாதி ஆட்டத்தில் எழுந்துபோகிறார்கள். முந்தையவர் விட்டுச்சென்ற பந்துகளை வீணடித்துவிட்டுத்தான் நம் ஆட்டத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

குறைகளில் முதன்மையானது இரைச்சல். தாழ்ந்த கூரை, சிமென்ட் தரை, எல்லா எந்திரங்களும் ஒரே நேரத்தில் கூவுதல். இரண்டு மணி நேரத்துக்குமேல் இருந்தால் தலைவலி வருகிறது. வார இறுதியில் பிறந்தநாள் கொண்டாட்டங்களுக்கு இடத்தை வாடகைக்கு விடுவதை முன்கூட்டியே அறிவித்தால் நன்றாக இருக்கும். பின்பால் எந்திரங்கள் பெரியவர்களின் உயரத்துக்குச் செய்யப்பட்டவை. சிறு பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் மர மேடைகள் போதவில்லை, ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை அழைத்துவருவதில் பயனில்லை. கட்டணம் ஒரு திரைப்படச் சீட்டைவிடச் சற்று அதிகம். மாதச் சந்தாவும் உண்டு. மாதம் இரண்டு முறைக்குமேல் போகிறவர்களுக்கு அதுவே சிக்கனம். நாங்கள் நவம்பரில் சந்தா எடுத்து, பனி உருகி, பிள்ளைகள் வெளியில் விளையாடத் தொடங்கும் ஏப்ரலில் நிறுத்திவிடுகிறோம்.