நனோ வி.என்.ஏ. எச்4: உப்புக்காற்றில் அன்டெனா கட்டுபவர்களுக்கு

மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையிலோ அன்டெனா கட்ட ஆசைப்படும் ஒருவர் முதலில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டால், அன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் கையடக்கக் கருவியான நனோ வி.என்.ஏ. எச்4 என்றுதான் சொல்வேன். ரேடியோவைக்கூட அதற்குப் பிறகு வாங்கலாம். கல்லடியில் ரேடியோ திருத்துவது என் தொழில். வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் ஆழ்கடல் படகுகளுக்கு வி.எச்.எஃப். (படகு ரேடியோக்களின் மீயுயர் அதிர்வெண்) அன்டெனா பூட்டிக் கொடுக்கிறேன். பொழுதுபோக்கு என்றால் வீட்டு வளவில் கம்பி கட்டி 40 மீற்றர் பாண்டில் (7 மெகா ஹேர்ட்ஸ் பக்கம்) தூர தேசத்துக் குரல்களைக் கேட்பது. இரண்டுக்கும் இந்தக் கருவிதான் கையில்.

வி.என்.ஏ. என்பதன் விரிவான வெக்டர் நெட்வேர்க் அனலைசர் என்ற பெயர் பலரைப் பயமுறுத்துகிறது. செய்யும் வேலை எளிது. ஒரு மில்லிவாட்டிலும் குறைந்த சைகையை அன்டெனாவுக்குள் அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது, எவ்வளவு பிந்தி வருகிறது என்று ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அளந்து கோடாக வரைந்து காட்டும். அன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் (1 என்றால் முழுப் பொருத்தம்) பழைய எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர், ரேடியோவின் பேசும் பொத்தானை அழுத்தினால்தான் ஏதும் காட்டும். அதுவும் அந்த ஒரு அதிர்வெண்ணில் ஒரேயொரு எண். அன்டெனா நீளமா, கட்டையா என்று அது சொல்லாது. இதில் கோட்டின் பள்ளம், அதாவது அன்டெனா நன்றாகப் பொருந்தும் அதிர்வெண், எங்கே விழுகிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். அலைபரப்பும் உரிமம் இன்னும் கிடைக்காமல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ரேடியோவே இல்லாமல் அன்டெனா கட்டிப் பழகலாம் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஜப்பானில் எடி555 என்ற பெயரில் இயங்கும் ஒருவர் வடிவமைத்து, வரைபடத்தையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்துவிட்ட கருவி இது. ஹியூகென் என்பவர் அதை மெருகேற்றிய பிறகு, 2019 அளவில் உலகம் முழுக்கப் பரவியது. ஆய்வுகூடங்களில் இதே வேலை செய்யும் பெட்டிகள் பல இலட்சம் ரூபாய். இதை வெளிநாட்டு இணையச் சந்தைகளில் நூறு டொலருக்குள் வாங்கலாம்.

எதை வாங்குவது? சிறிய எச் மாதிரியின் திரை 2.8 அங்குலம், எச்4 இல் 4 அங்குலம். விலை வித்தியாசத்தைப் பார்க்காமல் பெரியதை எடுங்கள். நாற்பது தாண்டிய கண்ணுக்குச் சின்னத் திரையின் எழுத்துகள் பெரிய சோதனை. எச்4 இல் ஒரு கோட்டுக்கு 401 அதிர்வெண் புள்ளிகள் வரை அளக்கலாம். மெமரி கார்டும் போடலாம். 1.5 கிகா ஹேர்ட்ஸ் வரை என்று பெட்டியில் போட்டிருக்கும். உண்மையில் உள்ளே இருக்கும் சிப் 300 மெகா ஹேர்ட்ஸ் வரைதான் நேரடியாக ஓடுகிறது. அதற்கு மேலே அதன் மடங்கு அலைகளை வைத்துச் சமாளிக்கிறது. அதனால் மேலே போகப் போக அளவு கரடுமுரடாகும். படகு வி.எச்.எஃப்., பொழுதுபோக்கு ரேடியோக்காரரின் 2 மீற்றர் பாண்ட், சிற்றலை, எஃப்.எம். எல்லாம் 300க்குக் கீழேதான், நமக்குக் கவலையில்லை. வைஃபை அன்டெனா அளக்கப் போகிறவர்கள் மட்டும் 3 கிகா ஹேர்ட்ஸ் வரை போகும் நனோ வி.என்.ஏ. வி2 அல்லது 6 கிகா ஹேர்ட்ஸைத் தாண்டும் லைட் வி.என்.ஏ. பக்கம் பாருங்கள். பெரிய எண்ணுக்கு ஆசைப்பட்டு மற்றவர்கள் காசைக் கொட்ட வேண்டாம்.

போலிகளும் சந்தையில் உண்டு. உள்ளே உலோக மூடி இல்லாமல், சிலதில் பற்றரிகூட இல்லாமல் வருபவை. விற்பவர் உள்பக்கப் படம் காட்ட மறுத்தால் விட்டுவிடுங்கள்.

வாங்கியாயிற்று, சரி. அளவுத்திருத்தம் செய்யாமல் இதன் திரையில் தெரியும் எதையும் நம்பாதீர்கள். கூடவே வரும் மூன்று சின்னக் குமிழ்கள் திறந்தது, குறுக்கிணைத்தது, 50 ஓம் என்பவை. முதலில் அளக்கப்போகும் அதிர்வெண் வீச்சை வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டித் திரையில் அதற்குரிய பொத்தானைத் தொட வேண்டும். எந்த முனையில் குமிழைப் பூட்டுகிறோமோ அந்த முனையிலிருந்துதான் அளவு தொடங்கும். ஆகவே ஒரு துண்டுக் கேபிள் போட்டு அளப்பதென்றால் குமிழ்களை அந்தத் துண்டின் நுனியில் பூட்டுங்கள். வீச்சை மாற்றினால் மறுபடி செய்யுங்கள். திரையோரத்தில் பெரிய சி எழுத்து நின்றால் திருத்தம் அப்படியே பொருந்துகிறது. சிறிய சி என்றால் கருவி இடையில் கணக்குப் போட்டு நிரப்புகிறது. அவசரத்துக்கு அது போதும், கம்பியை வெட்ட முன்னர் போதாது.

இந்தக் கருவி தன் விலையை எனக்குத் திருப்பித் தந்தது அன்டெனாவில் அல்ல, கேபிளில்.

வாழைச்சேனையில் ஒரு படகுக்காரர் கூப்பிட்டார். கரையில் பேசுவது அவருக்கு மெல்லக் கேட்கிறதாம், அவர் பேசுவது ஒருவருக்கும் கேட்பதில்லையாம். முன்னர் பார்த்தவர் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 தான், நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். "என்ன தம்பி, ஊசி பச்சையிலதானே நிக்கிது, பிறகென்ன?" என்றார். "காக்கா, அன்டெனாவக் கழட்டிப்போட்டுப் பார்ப்பம்" என்று மேலே ஏறிக் கழற்றினேன். கேபிளின் மேல் நுனி சும்மா காற்றில் கிடக்கிறது. அவசர அழைப்புக்கான 16 ஆம் சனலின் 156.8 மெகா ஹேர்ட்ஸில் கருவி காட்டிய திரும்பு இழப்பு, அதாவது அனுப்பிய சைகை எவ்வளவு குறைந்து திரும்பி வருகிறது என்ற அளவு, 14 டெசிபெல். அதை எஸ்.டபிள்யூ.ஆர். ஆக்கினால் அதே 1.5! அன்டெனா இருந்தாலும் இல்லாவிட்டாலும் மீற்றர் நல்லது என்றுதான் சொல்லும். அனுப்பும் சக்தியைக் கேபிளே தின்றுவிடுகிறது. திரும்பி வருவதற்கு ஒன்றும் மிஞ்சாததால் ஊசி பச்சையில் நிற்கிறது.

கணக்கு இலகு. நுனி திறந்திருக்கும்போது சைகை மேலே போய்க் கீழே வருகிறது. ஆகவே காட்டும் எண்ணில் பாதிதான் ஒருவழி இழப்பு. 14 இல் பாதி 7 டெசிபெல், அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேர்கிறது. 25 வாட் ரேடியோவின் 5 வாட்தான் அன்டெனாவைத் தொடுகிறது. அந்தப் படகில் ஓடியது 12 மீற்றர் ஆர்.ஜி.58 கேபிள். புதிதாக இருந்தால் ஒருவழிக்கு 2.5 டெசிபெல் அளவுதான் தின்ன வேண்டும். வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்புப் பின்னல் கறுத்துப் போயிருந்தது. மேல் கனெக்டரில் ரப்பர் டேப் சுற்றாமல் விட்டிருக்கிறார்கள். மழையும் உப்பும் பின்னல் வழியாகவே கீழே இறங்கிவிட்டன. கடலில் எஞ்சின் நின்றுபோனவனுக்கு அந்த 20 வாட் எவ்வளவு பெறுமதி என்று யோசித்துப் பாருங்கள். பூட்டுகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் படகை விட்டு இறங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மல்டிமீற்றர் இதற்கு உதவாது. படகு அன்டெனாக்கள் பலவற்றை உள்ளே வேண்டுமென்றே நேர்மின்னுக்குக் குறுக்கிணைத்துத்தான் செய்திருப்பார்கள், நல்ல அன்டெனாவும் மல்டிமீற்றரில் பழுதுபோலத் தெரியும்.

இன்னொரு வசதி, கேபிளில் பழுது எத்தனையாவது மீற்றரில் என்று காட்டுவது. மெனுவில் ட்ரான்ஸ்ஃபோர்ம் என்பதைப் போட்டு, வேக விகிதத்தை (ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கில் சைகை கேபிளில் ஓடுகிறது என்பதை) ஆர்.ஜி.58க்கு 66 சதவீதம் என்று வைத்து, 300 மெகா ஹேர்ட்ஸ் வரை ஓடவிட்டால் அரை மீற்றர் பிசகுக்குள் இடத்தைச் சொல்லும். தளத்தின் கீழே நசுங்கிக் கிடக்கும் கேபிளைத் தேடிப் பலகை பலகையாகக் கழற்றும் வேலை மிச்சம்.

வீட்டுக் கம்பிக்கு வருவோம். 7.1 மெகா ஹேர்ட்ஸுக்கு அரை அலை அன்டெனா, 143 ஐ அதிர்வெண்ணால் வகுத்தால் 20 மீற்றர் சொச்சம், பக்கத்துக்கு 10. இரண்டு தென்னைகளுக்கு இடையில், கடையில் வாங்கும் சாதாரண வீட்டு வயரில் கட்டினேன். பள்ளம் 6.85 இல் விழுந்தது. வயரின் பிளாஸ்டிக் உறை அலையை மெதுவாக்குவதால் இப்படிக் கீழே இறங்குவது வழக்கம். 6.85 ஐ 7.1 ஆல் வகுத்தால் 0.965, இருக்கும் நீளத்தை அதனால் பெருக்கினால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தெரியும்: பக்கத்துக்கு 35 சென்ரிமீற்றர். வெட்டாமல் மடித்து, வயரோடு வயராகச் சுற்றி விடுங்கள். மாரி மழையில் கம்பியும் ஓலையும் நனையும்போது பள்ளம் கொஞ்சம் நகரும். கச்சான் காற்றுக் காலத்தில் திரும்பி வரும். வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது.

கருவியின் இரண்டாவது வாயையும் பூட்டினால் எஸ்21, அதாவது ஒரு பொருளின் ஒரு பக்கம் போகும் சைகை மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்பதை, அளக்கலாம். சொந்தமாகச் சுற்றிய வடிகட்டி எங்கே வெட்டுகிறது என்று பார்க்க அருமை. இரு திசையையும் ஒரே தடவையில் அளக்காது, வடிகட்டியைத் திருப்பிப் பூட்ட வேண்டும். பொழுதுபோக்குக்கு அது குறையே இல்லை. கணினியில் நனோ வி.என்.ஏ. சேவர் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அளவுகளைப் பெரிதாகப் பார்த்துச் சேமிக்கலாம். டிஸ்லோர்ட் என்பவர் எழுதிய ஃபேர்ம்வெயர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) இன்னும் நல்லது. ஏற்றும்போது எச் மாதிரிக்கானதை எச்4 இல் ஏற்றிவிடாதீர்கள்.

குறைகள் இருக்கின்றன. மதிய வெயிலில் படகுத் தளத்தில் திரை தெரியாது. தொப்பியைக் கழற்றி நிழல் பிடிக்க வேண்டியிருக்கிறது. மேலே இருக்கும் உருட்டுப் பொத்தான் மெலிந்தது, சட்டைப் பையில் போட்டால் உடையும். கேபிள் பூட்டும் எஸ்.எம்.ஏ. வாய்களும் மென்மையானவை: நட்டை மட்டும் திருப்புங்கள், கேபிளையோ குமிழையோ திருகாதீர்கள். தடித்த கேபிளை நேரே தொங்கவிட்டால் வாய் பலகையோடு பெயர்ந்து வரும். நெகிழ்வான ஒரு சாண் துண்டுக் கேபிளையும், படகுக் கேபிள்களில் இருக்கும் பி.எல்.259 முனைக்கு மாற்றும் கனெக்டரையும் கருவியோடு சேர்த்தே வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இதன் வாயில் பாதுகாப்பு ஒன்றும் இல்லை. நீளக் கம்பியில் காற்றும் முகிலும் ஏற்றிவைக்கும் நிலைமின்னேற்றமே உள்ளே இருக்கும் சிப்பைக் கொல்லப் போதும். பூட்டமுன் கேபிளின் நடு ஊசியை நிலத்தோடு தொட்டு இறக்கிவிடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் மேற்கே படுவான்கரைப் பக்கம் இடி கேட்டால் அன்றைக்கு அளக்க வேண்டாம். துறைமுகத்தில் பக்கத்துப் படகில் யாராவது ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தால் முடிக்கும்வரை பொறுத்திருந்து பூட்டுங்கள்.