ரிவால்வர் ஜாமே ஆகாதுன்னு சொன்னவங்க யாருப்பா?

ஹூஸ்டன்ல ராத்திரி கடைய பூட்டிட்டு கல்லாப்பணத்தோட கார் வரைக்கும் தனியா நடக்கிற ஆளு நான். அதுக்காகத்தான் இடுப்புல சட்டைக்குள்ள வெச்சிக்கிற மாதிரி குட்டி ரிவால்வர் ஒண்ணு வாங்கினேன். .38 ஸ்பெஷல்ங்கிற தோட்டா போடுறது, அஞ்சு ரவுண்ட், அலுமினியம் பாடி, அரை கிலோ கூட இல்ல. கம்பெனி பேரு வேண்டாம். டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து லைசென்ஸ் இல்லாமலே எடுத்துட்டு போலாம், ஆனாலும் நான் கிளாஸ் போய், 3, 7, 15 கஜத்துல 50 ரவுண்ட் சுட்டு பாஸ் பண்ணி லைசென்ஸ் எடுத்தேன். அந்த டெஸ்ட்ட, சுட்டு பழகுற ரேஞ்ச்ல குடுத்த துப்பாக்கில சுட்டேன், அதனால தப்பிச்சேன்.

வாங்கும்போது எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், ரிவால்வர்ல பிரச்சனையே வராது, குண்டு வெடிக்கலனா திரும்ப ட்ரிகர இழு, அடுத்தது வந்துடும்னு. சரின்னு நம்பி ரேஞ்சுக்கு போனா மொத ஐம்பது ரவுண்ட் பெட்டியிலயே நாலு தடவ வெறும் 'டிக்'. லேட்டா வெடிச்சாலும் வெடிக்கும்னு ஒவ்வொரு தடவையும் குறியிலேயே புடிச்சிட்டு முப்பது செகண்ட் நின்னுட்டு அப்புறமா எடுத்து பாத்தா, தோட்டா அடியில மருந்த பத்த வைக்கிற சின்ன மூடி, அந்த ப்ரைமர்ல லேசா ஒரு பள்ளம், கொசு கடிச்ச மாதிரி. ஹேமர் அடி பத்தல. ஃபெடரல் கம்பெனி ப்ரைமர் கொஞ்சம் மெத்துனு இருக்கும், அது போடுன்னாங்க, போட்டேன், டிக் கொறஞ்சிச்சு.

ஆனா அத விட மோசமானது அடுத்த வாரம். மூணு சுட்டேன், நாலாவதுக்கு ட்ரிகர் நகரவே மாட்டேங்குது. துப்பாக்கி லேசா இருக்கிறதால உதை பலமா இருக்கு, அந்த உதைல மிச்சம் இருக்கிற ரவுண்ட்ல புல்லட் தோட்டாக் கூட்ட விட்டு முன்னாடி நழுவி, ரவுண்ட் உக்கார்ற சிலிண்டருக்கு வெளிய மூக்க நீட்டி ஃப்ரேம்ல இடிச்சு நிக்குது. சிலிண்டர் சுத்தவும் இல்ல, திறக்கவும் இல்ல. பிஸ்டல்னா மேகசின் அடியில ஒரு தட்டு, ஸ்லைட ஒரு இழு, பெரும்பாலும் சரியாயிடும். இது பூட்டிக்கிச்சுனா கையில இருக்கிறது இரும்புக்கட்டிதான். நல்லா க்ரிம்ப் பண்ணின, அதாவது கூட்டோட வாய புல்லட்ட சுத்தி இறுக்கின ரவுண்டா பாத்து வாங்கணுமாம், அத விக்கும்போது சொல்லியிருக்கலாம்ல.

கம்பெனிக்கு அனுப்பினேன், அஞ்சு வாரம் கழிச்சு ஸ்ப்ரிங் மாத்தி வந்துச்சு. மொத பெட்டி சுத்தம். ரெண்டாவதுல திரும்ப ஒரு டிக். ஒண்ணுதானேன்னு ரேஞ்ச் ஆளு சிரிச்சான், ஐம்பதுல ஒண்ணு அவனுக்கு சின்னது, ராத்திரி பதினோரு மணிக்கு பார்க்கிங்ல நிக்கிற எனக்கு அந்த ஒண்ணு தான் கணக்கு. (ஆயுத பூஜைக்கு அதுக்கு சந்தனம் வெச்சீங்கல்ல, அதான் அடச்சிக்கிச்சுன்னு வீட்டம்மா சொல்றாங்க. நான் வெச்சது பெட்டிமேல.)

நல்லதும் சொல்லணும்ல, ஒளிச்சு வெச்சிக்க இத மாதிரி வசதி வேற இல்ல, பேன்ட் பாக்கெட் ஹோல்ஸ்டர்லயே உக்காரும், துணி மாட்டிக்க ஹேமர் வெளிய தெரியாது. அந்த ஒரு விஷயத்துக்காக இன்னும் கோவம் முழுசா வரல. எல்லா ரிவால்வரும் இப்படினு நான் சொல்லல, கனமான பழைய ஸ்டீல் ஒண்ணு நண்பர் வெச்சிருக்கார், அது ஒரு தடவ கூட மக்கர் பண்ணி நான் பாத்ததில்ல.

இப்ப இடுப்புல இருக்கிறது 9 எம்எம் கிளாக் 43எக்ஸ் பிஸ்டல், பத்து ரவுண்ட் மேகசின், சட்டை லேசா துருத்துது, பரவால்ல. அந்த ரிவால்வர் பெட்டியிலயே கெடக்கு. விக்கலாம்னா, வாங்குறவன்கிட்ட என்னனு சொல்லி விக்கிறது?