"பிளான் பாஸ் பண்ணித் தர்றேன்" என்று வருபவரிடம் கவனம்: காரைக்குடிப் பக்கம் வீடு கட்டுவோருக்கு

காரைக்குடி மாநகராட்சியில் புதிதாகச் சேர்ந்த ஊர்களில் வீடு கட்ட நினைப்பவர்கள், அதிலும் வெளியூரில் இருந்துகொண்டு போனிலேயே வேலையை நடத்துகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கட்டட அனுமதி என்று எங்கள் கையில் கொடுக்கப்பட்ட காகிதம் போலி. அது தெரியவந்தபோது வீடு லிண்டல் மட்டம், அதாவது சன்னல், கதவுகளின் மேல்மட்டம் வரை எழும்பியிருந்தது.

பாட்டையா கட்டிய பெரிய வீட்டைப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை என்று பிரித்து, அதையும் அடுத்த தலைமுறைக்குள் பிரித்து, இன்றைக்கு எங்கள் பங்கு அரை அறையும் முகப்பில் உட்காரும் உரிமையும்தான். கல்யாணம், முன்னோருக்குச் செய்கிற படைப்பு என்றால் எல்லோரும் கூடலாம். குடியிருக்க முடியாது. அதனால் என் வீட்டுக்காரர் சென்னையில் ஓய்வு பெற்றதும், எப்போதோ வாங்கிப் போட்டிருந்த 2,100 சதுர அடி மனையில் கீழ்த்தளம் மட்டும் 1,150 சதுர அடிக்கு ஒரு வீடு கட்டிக்கொள்வது என்று முடிவானது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு, தனிப்பட்டா, வில்லங்கம் எதுவும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆவணங்களில் குறை இருந்ததால்தான் குறுக்கு வழிக்குப் போனோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நேர்வழியிலேயே சுலபமாகக் கிடைத்திருக்க வேண்டிய அனுமதி இது.

பிளான் வரைந்து பாஸ் பண்ணித் தருகிறவர் என்று ஒருவரை மேஸ்திரி கூட்டிவந்தார். ஜெராக்ஸ் கடை, உள்ளே ஒரு கம்ப்யூட்டர், சுவர் முழுக்க வீட்டுப் படங்கள். பேச்சோ தேன்.

"ஆச்சி, ஒங்களுக்கு எதுக்கு இந்த வெயில்ல அலைச்சல்? ஆபீஸ்ல எல்லாரும் நமக்கு வேண்டியவுகதான். பட்டாவும் ஆதாரும் மட்டும் குடுங்க, பிளான் ஒங்க வீடு தேடி வரும்."

முதலில் 35,000 ரூபாய் கேட்டார். அரசுக் கட்டணம் எவ்வளவு, கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கு எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள் என்றால், "எல்லாம் சேத்துத்தான் ஆச்சி" என்ற பதிலைத் தவிர வேறு வரவில்லை. ரசீது? அது பிளானோடு சேர்ந்து வருமாம்.

பிளானும் வந்தது. நீளமான வரைபடத் தாள், கூடவே ஓர் அனுமதி உத்தரவு. மூலையில் ஊதா மையில் ஊராட்சி மன்றத் தலைவர் முத்திரை, அதன்மேல் கிறுக்கலாக ஒரு கையெழுத்து, 2025 ஏப்ரல் தேதி. அதை நம்பிப் பூமி பூஜை போட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம்.

அடுத்தது இன்ஸ்பெக்‌ஷன் நாடகம். பேஸ்மட்டம் முடிந்த சமயம், அந்தப் பிளான் தரகர் வேறொருவரை அழைத்துவந்து "ஆபீஸ்லேருந்து பாக்க வந்திருக்காக" என்றார். வந்தவர் டேப்பை இழுத்து முன்பக்கம், பக்கவாட்டு எல்லாம் அளந்தார், டைரியில் எழுதினார், உதட்டைப் பிதுக்கினார். வாசல் படி முன்பக்கக் காலியிடத்தில் நீண்டிருக்கிறதாம். அது உண்மைதான், ஆனால் அப்படி வரைந்து கொடுத்ததே இந்தத் தரகர்தான். "பாத்துக்கலாம், விடுங்க" என்று சொல்லி 15,000 வாங்கிக்கொண்டு போனார்கள். வந்தவருக்கு மோரும் கொடுத்து, கார் வரை போய் வழியனுப்பினோம். பின்னாளில் அதே மனிதர் அந்த ஜெராக்ஸ் கடையில் ரேஷன் கார்டுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்தவர் நிமிரவே இல்லை.

குட்டு உடைந்தது வங்கியால். வீட்டுக் கடனுக்காக வங்கி அனுப்பிய பொறியாளர் தாளை விரித்ததும் முத்திரையைத்தான் முதலில் பார்த்தார்.

"இந்த ஊராட்சியே இப்ப இல்லையேம்மா. இதுல தலைவர் எப்படிக் கையெழுத்துப் போட்டார்?"

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆனபோது கண்டனூர், கோட்டையூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம், அரியக்குடி, கோவிலூர் முதலிய ஊராட்சிகளையும் அதில் சேர்த்துவிட்டார்கள். எங்கள் மனையும் அப்படிச் சேர்ந்த ஊரில்தான் இருக்கிறது. அது போகட்டும், ஊராட்சியாகவே தொடர்கிற ஊர்களில்கூட, சிவகங்கை மாவட்டத்தில் 2019 டிசம்பர் தேர்தலில் வந்த தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. ஆகவே ஏப்ரல் தேதியில் தலைவர் முத்திரை என்பது எப்படிப் பார்த்தாலும் நடக்காத காரியம். ஊரெல்லாம் தெரிந்த செய்திதான். அதை முத்திரையோடு பொருத்திப் பார்க்க ஒரு வெளியாள் வர வேண்டியிருந்தது.

அவர் அதோடு விடவில்லை. தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினார். என் வீட்டுக்காரர் பெயரும் சர்வே எண்ணும் இருந்த இடத்தைச் சுற்றி மயிரிழைபோல ஒரு கோடு. வேறு யாருடைய பிளானிலோ பெயர்ச் சீட்டை ஒட்டி நகலெடுத்தால் விழுகிற விளிம்புக் கோடு அது. படத்தில் கார் நிறுத்தும் இடம் இருக்கிறது, மாடிப்படி இடது பக்கம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கார் நிறுத்த இடமே கிடையாது, மாடிப்படியோ வலது பக்கம். வாஸ்து பார்த்து வடக்கு வாசல் வைத்த வீட்டுக்குக் கிழக்கு வாசல் பிளான்!

இனி, நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில், கொடுக்கும் விவரங்களுக்கு உரிமையாளரே உறுதி சொல்கிற சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ, 7 மீட்டர் உயரத்துக்கு மிகாமல் கட்டுகிற குடியிருப்புக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் உரிமையாளரே விண்ணப்பித்து, கட்டணத்தையும் அங்கேயே கட்டி, உடனடியாக அனுமதி பெறலாம். அனுமதிக்கு முன் யாரும் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. பரிசீலனைக் கட்டணம் கிடையாது, உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் கிடையாது. கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றிதழும் வேண்டியதில்லை. எங்கள் வீடு இந்த வரம்புக்குள் சௌகரியமாக அடங்குகிறது. இந்த நிறைவுச் சான்றிதழுக்கென்று இன்னும் 20,000 எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் மனிதர்! நல்லவேளை, அதைக் கொடுக்கும் முன்பே வங்கிக்காரர் வந்துவிட்டார்.

சுயசான்று என்றால் எப்படியும் கட்டலாம் என்று பொருள் இல்லை. மனை அங்கீகாரம் பெற்றதாகவோ வரன்முறை செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும், விதிப்படி காலியிடம் விட வேண்டும், கொடுக்கும் விவரம் பொய் என்று பின்னால் தெரிந்தால் அனுமதியை ரத்து செய்துவிடுவார்கள். பாகம் பிரிக்காத பூர்வீக இடம், கூட்டுப் பட்டா என்று நம் பக்கம் நிறைய உண்டு. அப்படிப்பட்டவர்கள் முதலில் பங்காளிகளிடம் பேசிப் பட்டாவைச் சரிசெய்துகொள்வதுதான் வழி. அதை ஒரு தரகர் "முடித்துத் தருகிறேன்" என்றால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியம் போன் நம்பர். இணையதளத்தில் பதியும்போது யாருடைய நம்பரைக் கொடுக்கிறார்களோ அதற்குத்தான் ஓடிபி வரும், தகவல் வரும். பொறியாளரை வைத்து விண்ணப்பித்தாலும் பதிவு உங்கள் நம்பரில் இருக்கட்டும். எங்கள் தரகர் ஒருமுறைகூட ஓடிபி கேட்கவில்லை. அது எங்களுக்கு நிம்மதியாகத் தெரிந்தது, அவர் விண்ணப்பமே போடவில்லை என்று தோன்றவில்லை. ஆன்லைனில் வாங்கிய அனுமதியில் க்யூஆர் கோடு இருக்கும், போனில் ஸ்கேன் செய்து பார்க்கலாம். இந்தக் காலத்தில் வெறும் ரப்பர் முத்திரையோடு ஒரு பிளான் வந்தால் சந்தேகப்படுங்கள். மேஸ்திரி சொன்னார், கடைக்காரர் சொன்னார் என்று விட்டுவிடாமல் உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்ப எண்ணைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. பில்லர் கம்பியும் தளத்துக் கம்பியும் சரியாகக் கட்டியிருக்கிறார்களா என்று கான்கிரீட் போடுமுன் பார்க்க, காசு கொடுத்து ஒரு நல்ல பொறியாளரை வையுங்கள். அனுமதிக்காக வருகிறவர் யாரும் அதைப் பார்த்துத் தரப் போவதில்லை. எங்களிடம் இன்ஸ்பெக்‌ஷன் என்று வாங்கிய 15,000க்கு அந்த வேலை உருப்படியாக நடந்திருக்கும்.

எங்கள் கதை இப்போது எந்த நிலையில் என்றால், வேலையை நிறுத்திவிட்டுப் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் மூலம் உள்ளதை உள்ளபடி சொல்லி முறையாக விண்ணப்பித்திருக்கிறோம். அனுமதி இல்லாமல் தொடங்கிய கட்டடம் என்பதால் சுயசான்றின் சுலபம் எங்களுக்கு இல்லை. நீட்டிய படியை இடித்தாயிற்று. வங்கிக் கடன் நிற்கிறது, சென்டரிங் சாமான் வாடகை ஓடுகிறது, தற்காலிக மின் இணைப்புக்கு வீட்டு விகிதத்தைவிடக் கூடுதலாகக் கட்டுகிறோம். மேஸ்திரி "எனக்கு ஒண்ணும் தெரியாது ஆச்சி" என்கிறார். தெரியாமலும் இருக்கலாம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். முதல் 35,000 ஜிபேயில் போனதால் அதற்குச் சாட்சி இருக்கிறது. அதைக் காட்டிய பிறகு தரகர் 20,000 திருப்பிக் கொடுத்தார், மீதியைத் தவணையாகத் தருகிறேன் என்கிறார். ரொக்கமாகக் கொடுத்த 15,000 பற்றிக் கேட்டால், "எந்தப் பணம்?" என்கிறார்.

இதே மாதிரி யாரிடமாவது ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றைக்கே விண்ணப்ப எண்ணைக் கேளுங்கள். "நாளைக்குத் தர்றேன்" என்றால் மேற்கொண்டு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், வேலையையும் தொடங்காதீர்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்க வேண்டாம். போலி முத்திரைக் காகிதத்தைக் கோபத்தில் கிழித்துவிடவும் வேண்டாம், அசல் தாளைக் காவல் நிலையத்தில் கேட்பார்கள். முதல்வரின் முகவரி உதவி எண் 1100இலும் புகார் சொல்லலாம்.