12,000 வெள்ளி எலெக்‌ஷன் பேக்கேஜ், என் ரிவியூ: 5-க்கு 2

தேர்தலுக்கு வீடியோ, போஸ்டர், ஃபேஸ்புக் பேஜ் எல்லாம் பண்ணித் தர்ற பேக்கேஜ் இது, வெள்ளின்னா மலேசியா ரிங்கிட். கம்பெனி பேர் போடல, போட்டா வக்கீல் நோட்டீஸ் வரும்னு வீட்டுக்காரி சொல்லிட்டா. கோலாலம்பூர் கம்பெனி, அவ்ளோதான். 2023 பினாங்கு சட்டமன்றத் தேர்தல்ல என் மச்சான் சுயேச்சையா நின்னாரு, தீவுல இல்ல, பாலத்துக்கு இந்தப் பக்கம் பெருநிலத்துல இருக்கற செபராங் பிறையில. நான்தான் சோஷியல் மீடியா இன்சார்ஜ், ஏன்னா குடும்பத்துல எந்நேரமும் ஹேண்ட்போன் தேய்ச்சிக்கிட்டு இருக்கறவன் நான் ஒருத்தன்தான்.

18 வயசுப் பசங்களுக்கு ஓட்டு வந்தாச்சு, பேர் பதியவே வேணாம் தானா லிஸ்ட்ல ஏறிடும், அதனால போஸ்டர் ஒட்டுனா பத்தாது அண்ணே எல்லாம் ஃபோன்லதான்னு கம்பெனியில இருந்து வந்தவங்க சொன்னாங்க, அது நெசந்தான். மொத்தம் 12,000 வெள்ளி. சட்டமன்ற வேட்பாளர் 100,000 வெள்ளி வரைக்கும் செலவு பண்ணலாம்னு சட்டம் இருக்கு, ஆனா எங்ககிட்ட இருந்தது மச்சானோட பழைய வேன் வித்த காசு, அதுல 5,000 டெபாசிட்டுக்கே போச்சு.

முதல்ல லாஞ்ச் வீடியோ. படம் சூப்பர், பொய் சொல்லக் கூடாது, கேமராக்காரத் தம்பி காலையில 6 மணிக்கெல்லாம் வந்து நின்னான். ஆனா வீடியோ ஆரம்பிச்சதும் ட்ரோன்ல பினாங்கு பாலம், அப்புறம் கொம்தார் கட்டடம், அப்புறம் கெக் லோக் சி கோயில், ரெண்டும் தீவுல இருக்கறது, கடைசியா எங்க மச்சான் கோட்டு போட்டு ஸ்லோமோஷன்ல நடந்து வராரு. எங்க தொகுதி ஒரு செகண்டு கூட இல்ல! போட்ட அஞ்சு நிமிஷத்துல முதல் கமென்ட்டு, "அண்ணே நீங்க தீவுலயா நிக்கிறீங்க?" அதுக்குக் கீழ இன்னொருத்தன், "பாலத்துக்கு மேல பறந்தீங்களே டோல் கட்டினீங்களா?" நானே சிரிச்சிட்டேன்.

அது பரவால்ல. போஸ்டர்தான் மானத்த வாங்கிருச்சு. டிசைன் பண்ணவருக்குத் தமிழ் தெரியாது, அது தப்பில்ல, ஆனா வாட்சப்ல நாங்க அனுப்புன வரிய அப்படியே எடுத்து அவங்க சாஃப்ட்வேர்ல ஒட்டிருக்காரு, அதுல செட்டிங் மாத்தலன்னா தமிழ் எழுத்து உடைஞ்சிடும், 'தொகுதி'ல கொம்பு ஒரு பக்கம், த ஒரு பக்கம், நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம், 'தேவை' பாக்கவே முடியல. எங்ககிட்ட ஒரு தடவ காட்டிட்டு ஏத்திருக்கலாம்ல? ராத்திரி 11 மணிக்கு ஏத்திட்டாங்க. விடிஞ்சு பாத்தா தொகுதி பூரா ஸ்கிரீன்ஷாட்டு. ரிட்டயரான தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருத்தங்க, "முதல்ல எழுத்த சேருங்கப்பா, அப்புறம் ஜனங்கள சேக்கலாம்"னு போட்டாங்க, எங்க போஸ்டர விட அந்த கமென்ட்டுக்குத்தான் லைக்கு ஜாஸ்தி. யாரோ மச்சான் மூஞ்சியும் அந்தப் புள்ளி வட்டமும் வச்சு ஸ்டிக்கர் வேற பண்ணிட்டாங்க, எங்க குடும்ப குரூப்லயே இன்னும் ஓடுது.

இதுல கம்பெனி முதலாளி பண்ண வேல என்னன்னா கிண்டல் பண்ண கமென்ட்டெல்லாம் டிலீட் பண்ணிட்டாரு, எங்கள ஒரு வார்த்த கேக்கல. அதுக்கப்புறம்தான் நெசமாவே கோவம் வந்துச்சு ஜனங்களுக்கு. அதுவரைக்கும் சிரிச்சிக்கிட்டு இருந்தவங்கல்லாம் "ஜெயிக்கறதுக்கு முன்னாடியே வாய மூடுறாரு"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. கமென்ட்டுக்கு பதில் போட ஒரு பொண்ணு இருந்துச்சு, தமிழ், மலாய் ரெண்டும் நல்லா எழுதும், அதுதான் மச்சான் பேர்ல "தப்புதான், மாத்திட்டோம், டீச்சருக்கு நன்றி"ன்னு எழுதி கொஞ்சம் அடக்குச்சு. அந்த 2 ஸ்டார்ல ஒண்ணு அந்தப் பொண்ணுக்கு, இன்னொண்ணு கேமராத் தம்பிக்கு.

காசு விஷயம். கொட்டேஷன்ல 'டிக்டாக் விளம்பரம் 1,500 வெள்ளி'ன்னு இருந்துச்சு. டிக்டாக்ல காசு குடுத்து அரசியல் விளம்பரம் போடவே முடியாது, 2019-லயே தடை பண்ணிட்டாங்க, இது எனக்கே அப்புறம்தான் தெரியும், ஆனா இதே தொழிலா இருக்கறவங்களுக்குத் தெரியாதா? கேட்டா "வேற வழியில பண்ணிக் குடுக்கிறோம் அண்ணே"ன்னாங்க, வேணாம் சாமின்னுட்டேன். ஃபேஸ்புக்ல அரசியல் விளம்பரத்துக்கு அடையாளத்த உறுதி பண்ணி, காசு குடுக்கறது யாருன்னும் போடணும், அந்த வேலைய லாஞ்ச் அன்னிக்குதான் ஆரம்பிச்சாங்க, நாலு நாள் வீணாப் போச்சு. சுயேச்சைக்கு சின்னம் வேட்புமனு அன்னிக்குதான் கையில கிடைக்கும், ஜூலை 29. அன்னிக்கு எல்லா போஸ்டரும் மறுபடி பண்ணணும்னு முன்னாடியே தெரியும்ல, அதுக்குத் தனியா 800 வெள்ளி பில்லு. ஓட்டு ஆகஸ்ட் 12, இருக்கறதே ரெண்டு வாரம், சண்ட போட ஏது நேரம், கட்டிட்டோம்.

நடுவுல ஒரு நாள் மழையில பசார் (மார்க்கெட்) பக்கத்துல லோங்கான், அதான் சாக்கடைக் கால்வாய், அடைச்சு தண்ணி ரோட்டுக்கு வந்துருச்சு, மச்சான் கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு காய்கறிக் கடை அக்காகிட்ட பேசிக்கிட்டு இருந்தத என் மக ஹேண்ட்போன்ல எடுத்தா. பிராண்டிங் கெட்டுரும் போடாதீங்கன்னாங்க கம்பெனியில. போட்டோம். எங்க வீட்டுப் பக்கமும் வாங்க, எங்க தாமான்லயும் (குடியிருப்புலயும்) இதே கததான்னு ஆளாளுக்கு எழுத ஆரம்பிச்சிட்டாங்க, ஒருத்தரு தெரு லைட்டு எரியலன்னு கம்பத்து நம்பரோட போட்டாரு, இவரு இன்னும் எம்எல்ஏ ஆகலய்யான்னு நான் உக்காந்து பதில் எழுதிக்கிட்டு இருந்தேன்.

டெபாசிட் போச்சு. அதுக்குக் கம்பெனி மேல பழி போட மாட்டேன், லைக் போட்டவங்கள்ல நெறைய பேரு வேற தொகுதி, சில பேரு மதுரையில இருந்து வாழ்த்து சொன்னவங்க.

நீங்க யாராச்சும் இந்த மாதிரி பேக்கேஜ் எடுத்தா பேஜ உங்க பேர்ல நீங்களே ஓப்பன் பண்ணிட்டு அப்புறம் அவங்கள உள்ள விடுங்க. எங்க பேஜ் அவங்க அக்கவுன்ட்லதான் ஓப்பன் பண்ணாங்க, இன்னும் எங்க கைக்கு வரல, அந்த உடைஞ்ச போஸ்டர் கூட இன்னும் அதுல இருக்கு. இன்னிக்குக் காலையில கூட மெசேஜ் போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல.