கறுப்பு பினாயிலா, பிளீச்சிங் பவுடரா? டப்பாவில் அச்சடித்த நம்பரை எவ்வளவு நம்பலாம்

வெள்ளம் வடிந்ததும் நம்ம டெல்டா ஊர்களில் தெருவோரம் பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கலந்து வெள்ளைக் கோடு இழுப்பார்கள், கழிப்பறைக்குக் கறுப்பு பினாயில் வரும். எது உசத்தி என்பது அதை எப்படிச் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்தது.

பினாயிலுக்கு ஆர்.டபிள்யூ. எண் என்று ஒன்று உண்டு, 1903-ல் ரிடியல், வாக்கர் இருவரும் கொண்டுவந்தது. டைஃபாய்டு கிருமியை 5 நிமிடத்தில் விட்டுவைத்து ஏழரை நிமிடத்தில் கொல்லுகிற அளவுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வைத்த ஃபீனாலை 100 மடங்கு நீர்க்கலாம், நம்ம மருந்தை 500 மடங்கு நீர்க்கலாம் என்றால் எண் 5. கணக்கில் குறையில்லை, ஆனால் சோதனை நடப்பது சுத்தமான தண்ணீரில். வாய்க்கால் சேறும் சாணமும் கலந்த தண்ணீரைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. அதனால்தான் 1908-ல் ஹாரியட் சிக்கும் சார்லஸ் மார்ட்டினும் காய்ந்த மலத்தூளைக் கலந்து, 30 நிமிடம் விட்டுச் சோதித்தார்கள். வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது இந்த மாதிரி அழுக்கில் எடுத்த எண்ணைத்தான்.

பிளீச்சிங் பவுடரில் பார்க்க வேண்டியது குளோரின் சதவீதம். நல்ல சரக்கில் 33 சதவீதம் போல இருக்கும், ஆனால் வாய் திறந்த மூட்டை நம்ம ஊர் ஈரக்காற்றில் கிடந்தால் வேகமாக இறங்கிவிடும். 10,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் போட 33 சதவீதப் பவுடர் 60 கிராம் போதும், அதுவே 15 சதவீதமாக இறங்கியிருந்தால் 133 கிராம் வேண்டும், வழக்கமான அளவையே கொட்டினால் பாதி மருந்துகூடத் தொட்டிக்குள் போயிருக்காது. அப்புறம் அழுக்கைக் கண்டால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும், அந்த இடத்தில் பினாயில் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். வெறும் பொடியாகத் தூவுகிற அந்த வெள்ளைக் கோட்டில் எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை, கரைத்து ஊற்றி நேரம் கொடுத்தால்தான் வேலை செய்யும்.

சரி, கழிப்பறைக்கும் சாக்கடைக்கும் பினாயில். ஆனால் வேதாரண்யம் பக்கத்து உப்புத் தண்ணீரில் கலந்தால் சில சரக்கு பால் மாதிரி நிற்காமல் திரிந்துவிடும், கொஞ்சமாகக் கலந்து பார்த்துவிட்டே வாங்குங்கள். குடிதண்ணீர்ப் பக்கம் பினாயில் வரவே கூடாது, அங்கே பிளீச்சிங் மட்டும்தான். அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது, நின்ற இடத்திலேயே அளந்துவிடலாம் என்பது. குளோரோஸ்கோப் என்கிற, நிறத்தை ஒப்பிட்டுக் குளோரின் அளக்கும் கருவியின் குழாயில் தண்ணீர் பிடித்து, ஓ.டி. (ஆர்த்தோடோலிடின்) மருந்து சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வரும், முதல் 10 விநாடிக்குள் தெரிகிற நிறம்தான் தண்ணீரில் மிச்சமிருக்கும் தனிக் குளோரின், நேரம் கழித்துப் பார்த்தால் அழுக்கோடு இணைந்துவிட்ட குளோரினும் சேர்ந்து அதிகமாகக் காட்டும். கொள்ளிடத்திலிருந்து அவ்வளவு தூரம் குழாயில் வருகிற தண்ணீரைத் தொட்டியடியில் சோதித்துக் கையெழுத்துப் போட்டால் பத்தாது. கடைமடைத் தெருவின் கடைசிக் குழாயில் பிடித்துப் பாருங்கள், அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது காட்ட வேண்டும்.